புரொபேஷனில் இருப்பவர் உங்கள் வீட்டில் தங்கினால்: கலிபோர்னியாவில் உங்கள் தனியுரிமையைக் காக்கும் முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியா கோர்ட் என் தம்பிக்கு இரண்டு வருடம் புரொபேஷன் (சிறைக்குப் பதிலாக, கோர்ட் நிபந்தனைகளோடு கண்காணிப்பில் வெளியே இருப்பது) கொடுத்தபோது எங்கள் வீட்டைத்தான் அவன் முகவரியாக எழுதினோம். கூடப் பிறந்தவன், வேறு எங்கே போவான்? மூன்றாவது மாதம் ஒருநாள் காலை ஆறரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அந்த ஒரு வரி முகவரி எங்கள் எல்லோரையும் தொடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. வந்த அதிகாரிகள் என் மனைவியின் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். தடுக்க எங்களிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை, ஏனென்றால் அதே அலமாரியில்தான் தம்பியின் சூட்கேஸும் இருந்தது.

அதற்குப் பிறகு இதே நிலையில் இருந்த சில குடும்பங்களோடும், ரூம் பகிர்ந்து தங்கும் பையன்களோடும் உட்கார்ந்து இதைப் படிப்படியாகச் செய்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். “போலீஸ் வந்தால் என்ன சொல்வது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாசலில் என்ன சொல்கிறீர்கள் என்பது பாதிதான். மீதிப் பாதி, அவர்கள் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, வீட்டுக்குள் நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

நான் வக்கீல் இல்லை. இது கலிபோர்னியா மாநிலப் புரொபேஷனுக்கு மட்டும். வேறு மாநிலத்திலோ ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கிலோ விதிகள் மாறும்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கோர்ட் ஆணையின் பிரதி, வீட்டு வாடகை ஒப்பந்தம், உங்கள் அறைக் கதவுக்குச் சாவிப் பூட்டு, பூட்டக்கூடிய ஒரு பெட்டி, உங்களுக்கென்று ஒரு கிரிமினல் வக்கீலின் எண். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவருடைய வக்கீல் அவருக்கு மட்டும்தான் வக்கீல். உங்கள் நலனும் அவர் நலனும் ஒரு நாள் எதிரெதிராக நிற்கலாம்.

1. முதலில் ஆணையைப் படியுங்கள்

“என்ன கண்டிஷன் போட்டார்கள்?” என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னதை நம்பிக்கொண்டு இருப்பதுதான் முதல் தவறு. கோர்ட்டில் அன்று அவர் இருந்த மனநிலையில் பாதி காதில் விழுந்திருக்காது. வழக்கு எண்ணோடு கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் கேட்டோ, அவருடைய வக்கீல் மூலமாகவோ பிரதி வாங்குங்கள்.

அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, இது புரொபேஷன்தானா? சிறையிலிருந்து பரோலில் வந்திருந்தாலோ, 2011இல் தொடங்கிய மாவட்ட அளவிலான விடுதலைக் கண்காணிப்பில் இருந்தாலோ, சோதனை அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. புரொபேஷனில் அப்படியில்லை. நீதிபதி ஆணையில் எழுதியிருந்தால்தான் அந்த அதிகாரம் உண்டு. சின்ன வழக்குகளில் தேடல் நிபந்தனையே இல்லாமல் போவதும் உண்டு.

இரண்டாவது, தேடல் நிபந்தனையின் சொற்கள். கோர்ட் வட்டாரத்தில் இதை ‘ஃபோர்-வே சர்ச்’ என்பார்கள்: உடல், உடைமை, வீடு, வண்டி ஆகிய நான்கும். சில ஊர்களில் ‘ஃபோர்த் வெய்வர்’ என்ற பெயரும் கேட்கும். நியாயமில்லாத தேடலிலிருந்து காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது பொருள். வாரன்ட் (நீதிபதி தரும் தேடல் உத்தரவு) இல்லாமல், சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும், எந்த நேரமும் தேடலாம் என்று எழுதியிருந்தால் அப்படியேதான். ஆனால் ‘வீடு’ என்ற சொல் அங்கே இல்லையென்றால் அந்த நிபந்தனையை வைத்து வீட்டைத் தேட முடியாது. எழுதியிருக்கும் எல்லையைத் தேடல் தாண்டக் கூடாது என்பது கலிபோர்னியா கோர்ட்டுகள் பிடிவாதமாகச் சொல்லும் விஷயம். ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்துப் படியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, போன், கம்ப்யூட்டர் பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா? ஐந்தாவது படியில் இது வேண்டியிருக்கும்.

நான்காவது, முடிவுத் தேதி. 2021 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் பெரும்பாலான மிஸ்டிமீனர் (சிறு) குற்றங்களுக்குப் புரொபேஷன் அதிகபட்சம் ஒரு வருடம், ஃபெலனிக்கு (கடுமையான குற்றத்துக்கு) இரண்டு வருடம். வன்முறைக் குற்றங்களும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போலச் சட்டமே தனிக் காலம் குறித்திருக்கும் குற்றங்களும் இதில் அடங்காது. தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

2. கோடு எங்கே விழுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது. அவர் கையெழுத்துப் போட்டது அவருடைய உரிமைக்குத்தான். ஆனால் அவரோடு நீங்கள் பங்குபோடும் இடத்தில், அவருக்குக் குறைந்த பாதுகாப்பே உங்களுக்கும். ஹால், சமையலறை, பொதுக் குளியலறை, கேரேஜ், ஃப்ரிட்ஜ், சோபாவுக்கு அடியில் என்று எல்லாமே அவர்கள் பார்க்கக்கூடிய இடங்கள்.

உங்களுக்கு மட்டுமே உரிய இடத்தில் நிலைமை வேறு. புரொபேஷனில் இருப்பவர் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ கட்டுப்படுத்தும் இடம் என்று நியாயமாக நம்பக்கூடிய பகுதிகளை மட்டுமே அதிகாரிகள் தேடலாம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1999இல் வுட்ஸ் வழக்கிலும் 2000இல் ரோப்ளஸ் வழக்கிலும் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. ரோப்ளஸ் வழக்கில் சகோதரர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர்தான் புரொபேஷனில் இருந்தார். போலீஸ் அந்த நிபந்தனை இருப்பதே தெரியாமல் கேரேஜைத் தேடிவிட்டுப் பிறகு அதைக் காரணமாகக் காட்டியது. செல்லாது என்றது கோர்ட். அதாவது தேடும் நேரத்திலேயே நிபந்தனை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘நியாயமாக நம்பக்கூடிய’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வாசலில் நிற்கும் அதிகாரிக்கு உங்கள் குடும்பக் கதை தெரியாது. அவர் பார்ப்பது கதவில் பூட்டு இருக்கிறதா, உள்ளே யாருடைய சட்டை தொங்குகிறது, மேஜையில் யார் பெயரில் கடிதம் கிடக்கிறது என்பதைத்தான். அடுத்த படி முழுக்க இதைப் பற்றியது.

3. வீட்டை இடம் இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் இதுதான் கஷ்டமான படி. ஒரு பீரோவில் எல்லோர் துணியும் இருக்கும், எல்லா அறையும் திறந்தே கிடக்கும். அறையைப் பூட்டினால் “என்னைத் திருடன் மாதிரி நடத்துகிறாயா?” என்று கேட்டுவிடுவானோ என்று நானும் தயங்கினேன். அதனால் முதலில் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். “இது உன்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்வதில்லை. எங்கள் அறையில் எங்கள் பொருள் மட்டும் இருந்தால், நாளைக்கு உன் பேரில் எங்கள் சாமானை யாரும் கிளற மாட்டார்கள்” என்று சொன்னேன். என் தம்பி அன்றைக்கே தன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் இப்படிச் செய்யுங்கள்.

அவருக்கென்று ஓர் அறையோ, அறை இல்லையென்றால் ஒரு தெளிவான மூலையோ கொடுங்கள். அவருடைய எல்லாப் பொருளும் அங்கேதான் இருக்க வேண்டும். அவர் பொருள் சிதறாமல் இருந்தால் தேடலும் சிதறாது.

உங்கள் அறைக்குச் சாவிப் பூட்டுப் போடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டுப் போடுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். பூட்டு வாங்கிவிட்டுச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் அந்த அறை எல்லோருடையதும்தான். பூட்டு போட்ட பிறகும் அவரை உள்ளே இஸ்திரிப்பெட்டி எடுக்க, சார்ஜர் எடுக்க விடாதீர்கள். சட்டம் பார்ப்பது உண்மையில் எப்படி வாழ்கிறீர்கள் என்பதை.

உங்கள் அறையில் உங்கள் பெயருள்ள கடிதங்கள், ஆபீஸ் அடையாள அட்டை, உங்கள் துணி ஆகியவை கண்ணில் படும்படி இருக்கட்டும். ரூம்மேட்களாக இருந்தால் யாருக்கு எந்த அறை என்று ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலைமைகள் இன்னும் சிக்கலானவை. புரொபேஷனில் இருப்பவர் உங்கள் கணவரோ மனைவியோ என்றால் படுக்கையறை இருவருக்கும் பொது. அந்த அறையைக் காப்பாற்ற முடியாது. அதற்குள் உங்களுக்கு மட்டும் சாவியுள்ள பெட்டியையும், உங்கள் கைப்பையையும்தான் காக்க முயலலாம். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, காரை ஓட்டிய ஆண் பரோலில் இருந்ததை வைத்து, பயணியாக இருந்த பெண்ணின் கைப்பையைத் தேடியது செல்லாது என்றது. அது அந்தப் பெண்ணின் பை என்று பார்த்தாலே தெரிந்தது. அவன் அதைப் பயன்படுத்தியதாக நம்ப ஒரு காரணமும் இல்லை. ஆனால் கைப்பை என்றாலே எப்போதும் தப்பும் என்று எண்ண வேண்டாம். பர்ஸைக் கணவர் கையாள்வது, கணவரின் பொருளைப் பையில் வைத்திருப்பது எல்லாம் கணக்கில் வரும்.

இன்னொன்று, இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் தங்கி, ஒருவர் ஹாலில் மெத்தை விரித்துப் படுப்பது. ஹாலில் படுப்பவருக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு. அது நீங்கள் என்றால் பாஸ்போர்ட், விசா காகிதங்கள், பணம் எல்லாவற்றையும் பூட்டிய பெட்டியில் வைத்து, உங்கள் பெயரை அதன்மேல் ஒட்டி, முடிந்தால் நம்பிக்கையான ரூம்மேட்டின் பூட்டிய அறையில் வையுங்கள்.

4. வீட்டில் இருக்கக் கூடாதவற்றை வெளியேற்றுங்கள்

உங்களுக்குச் சட்டப்படி சரியான பொருள் அவருக்குக் குற்றமாகலாம். கையில் பிடித்திருந்தால்தான் குற்றம் என்றில்லை. எட்டும் இடத்தில் இருந்து, அது இருப்பதும் தெரிந்து, எடுக்கும் உரிமையும் இருந்தால் அவர் வசம் இருந்ததாகவே கணக்கு.

துப்பாக்கிதான் முதலில். துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவரோடு வசிப்பது தெரிந்தும் அதைப் பூட்டாமல் வைத்திருந்தால் உங்கள்மேலேயே குற்றம். தண்டனைச் சட்டம் 25135ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பூட்டிய பெட்டி, பூட்டிய சேஃப், துப்பாக்கியிலேயே மாட்டும் பூட்டு போன்ற வழிகளை அது பட்டியலிடுகிறது. தோட்டாக்களையும் மறக்காதீர்கள். என் கருத்து கேட்டால், அந்தக் காலம் முடியும்வரை வீட்டிலேயே வேண்டாம்.

மதுவுக்குத் தடை என்று ஆணையில் இருந்தால் ஃப்ரிட்ஜில் உங்கள் பீர் பாட்டில்கூட அவருக்குச் சிக்கல். கஞ்சா 2016 முதல் கலிபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது, ஆனால் ஃபெடரல் சட்டத்தில் இன்னும் குற்றம்தான். நீங்கள் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் வீட்டில் அது இருப்பதும், அதைப் பற்றி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்வதும் உங்கள் குடியேற்ற நிலைக்கே ஆபத்து. மருந்துகளை மருந்துக்கடை லேபிள் ஒட்டிய புட்டியிலேயே வையுங்கள். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த மாத்திரைகளைப் பழைய டப்பாவில் கொட்டிவைக்காதீர்கள்.

5. போனையும் லேப்டாப்பையும் தனித்தனியாக்குங்கள்

2014இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைது செய்யப்பட்டவரின் போனைத் தேடக்கூட வாரன்ட் வேண்டும் என்றது. கலிபோர்னியாவில் 2016 முதல் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. புரொபேஷனில் இருப்பவரின் சாதனத்தைத் தேடவும் அந்த நிபந்தனை ஆணையில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் போனுக்கு அது பொருந்தாது. ஆனால் அது உங்கள் போன் என்பது தெரிய வேண்டுமே!

வீட்டுக்கெல்லாம் ஒரே ஐபேட், ஒரே லேப்டாப் என்றால் அது பொது அலமாரி மாதிரிதான். அவருக்குப் பழைய சாதனம் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். உங்களுடையதற்குப் பாஸ்கோடு போட்டு, அதை அவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் கூகுள் கணக்கு அவர் போனில் லாகின் ஆகியிருந்தால் வெளியேறுங்கள். இரவில் உங்கள் போனை ஹாலில் சார்ஜ் போடாதீர்கள், அறைக்குள் போடுங்கள்.

6. வாசலில் பேசுவதை ஒத்திகை பாருங்கள்

அவர்கள் வரும்போது உங்களுக்குத் தூக்கம் கலைந்திருக்காது, நெஞ்சு படபடக்கும். முன்பே வாயால் சொல்லிப் பழகாத வாக்கியம் அப்போது வராது.

முதலில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக வாரன்ட் இல்லாமல் வந்த போலீஸை, வீட்டில் ஒருவர் “வாங்க” என்று சொன்னாலும், அங்கேயே நிற்கும் இன்னொருவர் மறுத்துத் தடுக்கலாம். 2006இல் ராண்டால்ஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. அதைப் படித்துவிட்டு, புரொபேஷன் தேடலையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். இங்கே அவர்கள் வருவது உங்கள் சம்மதத்தின் பேரில் அல்ல, கோர்ட் ஆணையின் பேரில். அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் வரலாம். குறுக்கே நின்றால், அதிகாரியின் கடமையைத் தடுத்ததாகத் தண்டனைச் சட்டம் 148ஆம் பிரிவில் ஒரு வருடம்வரை சிறை, 1000 டாலர்வரை அபராதம் என்று போகும்.

அப்படியானால் மறுத்து என்ன பயன்? உங்கள் அறைக்கு அதனால் பயன் உண்டு. உங்கள் தனி அறையைத் தேட ஆணை போதாது. அதனால் அதிகாரி உங்கள் சம்மதத்தைக் கேட்பார், பெரும்பாலும் மிகவும் சாதாரணமாக: “இந்த அறையையும் கொஞ்சம் பார்க்கலாமா?” மறுக்க உரிமை உண்டு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நீங்கள் தலையாட்டினால் அது சம்மதம்.

இந்த மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்:

“திஸ் இஸ் மை ரூம். ஹி டஸ் நாட் யூஸ் இட்.” (இது என் அறை. அவர் இதைப் பயன்படுத்துவதில்லை.)

“ஐ டூ நாட் கன்சென்ட் டு எ சர்ச் ஆஃப் மை ரூம் ஆர் மை திங்ஸ்.” (என் அறையையோ என் பொருட்களையோ தேட நான் சம்மதிக்கவில்லை.)

“ஐ வில் நாட் இன்டர்ஃபியர்.” (நான் குறுக்கே நிற்க மாட்டேன்.)

மூன்றாவதுதான் இரண்டாவதை மோதலாக மாறாமல் காக்கிறது. கைகள் தெரியும்படி, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். அவர் உங்கள் அறையைப் பயன்படுத்துகிறார் என்றால் முதல் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை, வக்கீலிடம் பேச வேண்டும் என்று சொல்லலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். கதவைத் திறந்ததும் “வாங்க, வாங்க, உட்காருங்க” என்பதும், ஆங்கிலம் புரியாவிட்டாலும் சிரித்துத் தலையாட்டுவதும் அவர்கள் பழக்கம். ஒரு வீட்டில் அம்மாவே மருமகளின் அறைக் கதவையும் திறந்துவிட்டு, காபி போடப் போய்விட்டார். பாவம், அவர் வந்தவர்களை மரியாதையாக நடத்தினார். “அம்மா, யூனிஃபார்ம்ல யாராவது வந்தா கதவுகிட்ட நில்லுங்க, என்னைக் கூப்பிடுங்க, எந்த அறையையும் நீங்க திறக்காதீங்க” என்று முன்பே சொல்லிவைத்தால் போதும்.

7. தேடல் நடக்கும்போது

ஹாலில் ஓர் இடத்தில் உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். அதே வீட்டில் இருப்பதாலேயே உங்கள் உடலைச் சோதிக்க முடியாது. உங்களிடம் ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் வேண்டும். உங்கள் இடத்திலிருந்தே போனில் பதிவு செய்யலாம். அதிகாரியைப் பதிவு செய்வது மட்டுமே 148ஆம் பிரிவுக் குற்றமாகாது என்று அதே பிரிவு சொல்கிறது. போனை எடுக்கும் முன் “எடுக்கப்போகிறேன்” என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள்.

பொது இடத்தில் அவர்கள் கண்ணில் படும் எதுவும் உங்களுக்கு எதிராகவும் பயன்படலாம். அது அவருடைய தேடல்தானே, நம்மைத் தொடாது என்ற நினைப்பு தவறு.

நீங்கள் மறுத்த பிறகும் பூட்டை உடைத்தால் உடலால் தடுக்காதீர்கள். “ஐ டூ நாட் கன்சென்ட்” என்று இன்னொரு முறை சொல்லுங்கள், அவ்வளவுதான். அது சரியா தவறா என்பதைக் கோர்ட்டில் பேசலாம். நீங்கள் கையை நீட்டிவிட்டால் பேச்சு அதைப் பற்றியதாக மாறிவிடும்.

8. அன்று இரவே எழுதுங்கள்

யார் வந்தார்கள், பேட்ஜ் எண், எத்தனை மணி, எந்தெந்த அறை, நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். உடைந்தது, திறந்தது எல்லாவற்றையும் படம் எடுங்கள். எதையாவது எடுத்துப்போயிருந்தால் ரசீது கேளுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் மணி நேரமும் வார்த்தையும் மாறிப்போகும். உங்கள் சாட்சியத்தின் பலம் அவைதான்.

உங்கள்மேல் வழக்கு வந்தால், உங்கள் இடத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தேடிக் கிடைத்ததைச் சாட்சியமாக ஏற்காமல் ஒதுக்கச் சொல்லித் தண்டனைச் சட்டம் 1538.5 பிரிவின் கீழ் மனு போடலாம். வழக்கு இல்லை, ஆனால் பொருள் சேதம் என்றால் நகராட்சியிடமோ மாவட்டத்திடமோ ஈட்டுத்தொகைக் கோரிக்கையை ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். முதலில் பயம், அப்புறம் அலுப்பு, அப்புறம் தேதி தாண்டிவிடுகிறது. அரசியல் சட்ட உரிமை மீறல் என்று ஃபெடரல் வழக்குப் போட கலிபோர்னியாவில் இரண்டு வருடம் உண்டு.

9. அவர் வீடு மாறும்போது

முகவரியை மாற்றுவது அவர் வேலை, ஆனால் நடந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. புரொபேஷன் ஆபீசரிடம் புது முகவரியை எழுத்தில் கொடுத்து அதன் பிரதியை உங்களுக்கும் தரச் சொல்லுங்கள். கோப்பில் உங்கள் முகவரி இருக்கும்வரை, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நம்ப அதிகாரிகளுக்குக் காரணம் இருக்கிறது. தபால் நிலையத்தில் முகவரி மாற்றம், ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றம் இரண்டையும் அதே வாரம் செய்யச் சொல்லுங்கள். அவருடைய பெட்டி ஒன்றுகூட “அப்புறம் எடுத்துக்கறேன்” என்று உங்கள் கேரேஜில் தங்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் சேர்த்திருந்தால் அதையும் நீக்கி, உரிமையாளரிடமிருந்து தேதியோடு ஒரு மின்னஞ்சல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கதவு தட்டினால் காட்ட வேண்டியது அந்த மின்னஞ்சலும், ஆபீசரிடம் கொடுத்த முகவரிப் பிரதியும்தான்.